பராபவ ஆண்டின் இரவு வானம்

குருப்பெயர்ச்சி எந்நாளில், எத்தனை நாழிகைக்கு என்று வினவினால் நம் இல்லங்களில் விடை கூறாதார் இலர். சனி பகவான் எந்த ராசியில் நிற்கிறார், அதனால் எவருக்கு என்ன பலன் என்பதும் பலருக்கு மனப்பாடம். ஆயினும், “அந்தக் குரு இப்பொழுது வானத்தில் எங்கே இருக்கிறார்? கையை நீட்டிக் காட்டுங்கள்” என்று எவரேனும் கேட்டுவிட்டால், நம்மில் பெரும்பாலோர் சுவரில் தொங்கும் நாட்காட்டியைத்தான் காட்டுவோம், வானத்தைக் காட்ட மாட்டோம்.

பஞ்சாங்கம் கணித்த முன்னோர் வானத்தைப் பார்த்தே கணித்தனர். திருக்கணிதம் என்னும் பெயரில் உள்ள ‘திருக்’ என்பது பார்வையைக் குறிக்கும் சொல். கண்ணாற் கண்டதோடு ஒத்துவரும் கணிதம் என்பதே அதன் பொருள். சென்ற நூற்றாண்டுக்கும் முந்தைய நூற்றாண்டில் சென்னை வானாய்வகத்தில் உதவியாளராய்ப் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரியார், பஞ்சாங்கம் வானத்தோடு பொருந்த வேண்டும் என்று வாதாடித் திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டவர். 1867-ஆம் ஆண்டில் ஒளி மாறும் விண்மீன் ஒன்றையும் அவர் கண்டறிந்தார். அலுவலகக் கடமையினூடே வானத்தைப் பார்க்கப் பழகிய ஒரு தமிழ்நாட்டுப் பணியாளரின் பெயர் உலக வானியல் வரலாற்றில் நின்றுவிட்டது என்பது நமக்குப் பெருமையளிக்கும் செய்தியாகும்.

பிறந்த மண்ணை விட்டு நாகபுரி, மும்பை, கொல்கத்தா, தில்லி என்று பிழைப்பின் பொருட்டுப் பரவி வாழும் நாம், மொழியையும் விழாக்களையும் இயன்ற மட்டும் காத்து வருகிறோம். வானத்தை மட்டும் ஊரிலேயே விட்டு வந்துவிட்டோமோ என்ற ஐயம் நமக்கு உண்டு. ஆதலின், 2026 ஏப்ரல் 14 அன்று பிறக்கும் பராபவ ஆண்டில் மொட்டை மாடியிலிருந்தே காணத்தக்க காட்சிகளைத் தொகுத்து இங்கே தருகின்றோம்.

நமக்கு வேண்டுவன

விலையுயர்ந்த கருவிகள் எவையும் வேண்டா. கண்ணும் பொறுமையும் போதும். தெரு விளக்கு நேரே படாத இடத்தில் 20 நிமிடம் இருந்தால் கண் இருளுக்குப் பழகும். அதுவரை கைப்பேசியைப் பாராதிருத்தல் நன்று. வானில் உயரம் அளக்க ஓர் எளிய வழி உண்டு. கையை நன்றாக நீட்டி விரல்களை மடக்கினால், அம்முட்டியின் அகலம் ஏறத்தாழ 10 பாகையாகும். அடிவானத்திலிருந்து ஒன்பது முட்டி ஏறினால் தலையுச்சி.

எங்கள் தந்தையார் இவ்வளவு கணக்கும் அறியார். நெல்லைச் சீமையில் அவருக்குச் சிறிது நிலம் இருந்தது. கிணற்று மோட்டாருக்கு வேண்டிய மும்முனை மின்சாரம் பெரும்பாலும் நள்ளிரவில்தான் வரும். கைக்கடிகாரம் கட்டும் வழக்கம் அவருக்கு இல்லை. ஆறாமீன் கூட்டம் உச்சிக்கு வந்ததா, கலப்பை சாய்ந்ததா என்று நிமிர்ந்து பார்ப்பார். துண்டை உதறித் தோளில் இட்டுக்கொண்டு வயலுக்குப் புறப்படுவார். ஆறாமீன் என்றது கார்த்திகை விண்மீன்களை. கலப்பை என்றது திருவாதிரைக்கு அருகே வரிசையாய் நிற்கும் மூன்று மீன்களையும் அவற்றின் கீழ்த் தொங்குவனவற்றையும். தென்னந்தோப்புக்கு மேலே, தெற்கில் தனித்து ஒளிரும் ஒரு வெள்ளிக்கும் அவர் ஒரு பெயர் சொல்வார். அப்பெயர் எங்கள் நினைவில் இல்லை. அவர் காலமான பின் அன்னையாரிடம் கேட்டோம், அவருக்கும் தெரியவில்லை. நூல்களைப் பார்த்து, அஃது அகத்திய விண்மீன் என்று பின்னர் அறிந்தோம். விண்மீன் கிடைத்தது, தந்தையார் வழங்கிய பெயர் கிடைக்கவில்லை.

சித்திரை, வைகாசி: ஊருக்குச் செல்வோர் கவனிக்க

கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும் குடும்பங்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். புறப்படுமுன் இரவு 9 மணியளவில் வடதிசையைப் பாருங்கள். சப்தரிஷி மண்டலம் உயரத்தில் நிற்கும். அதன் வாற்பகுதியின் நடுமீனாகிய வசிட்டரை உற்றுப் பார்த்தால், ஒட்டினாற்போல் அருந்ததி மங்கலாய்த் தெரியும். திருமணப் பந்தலில் பட்டப் பகலில் புரோகிதர் காட்ட, நாம் பார்த்ததாகத் தலையசைத்த அதே அருந்ததிதான். மண்டலத்தின் மறுமுனையிலுள்ள இரு மீன்களை இணைத்துக் கோட்டை நீட்டினால், அது துருவ விண்மீனில் சென்று முடியும்.

துருவனின் உயரம் ஊருக்கு ஊர் மாறும். ஓர் ஊரின் அட்சரேகை எத்தனை பாகையோ, ஏறத்தாழ அத்தனை பாகை உயரத்தில் துருவன் நிற்பான். தில்லியில் 28½, கொல்கத்தாவில் 22½, நாகபுரியில் 21, மும்பையில் 19, சென்னையில் 13, கன்னியாகுமரியில் 8. தில்லியில் மூன்று முட்டி உயரத்தில் கண்ட துருவன், கன்னியாகுமரியில் ஒரு முட்டிக்கும் குறைவாய்த் தாழ்ந்து கடலோர மரங்களுக்குள் ஒளிந்துகொள்வான். நாம் எத்தனை தொலைவு வந்துவிட்டோம் என்பதைப் பயணச்சீட்டு கிலோமீட்டரில் சொல்லும்; துருவன் பாகையில் சொல்லுவான்.

ஊர் சேர்ந்த பின் மே மாதத்து நடுவில், அதே 9 மணிக்குத் தெற்கே திரும்புங்கள். நான்கு மீன்கள் சிலுவை வடிவில் நிற்பதைக் காணலாம். சொர்க்கத்துக்கும் பூமிக்கும் இடையே தொங்கியதாகக் கதை கூறும் திரிசங்கு இதுவே. சென்னையில் இதன் அடிமீன் 14 பாகை உயரத்திலும், கன்னியாகுமரியில் 19 பாகை உயரத்திலும் நிற்கும். நாகபுரியில் 6 பாகைதான், கட்டடங்கள் மறைத்துவிடும். தில்லியில் அடிமீன் உதிப்பதே இல்லை. தில்லியில் வளரும் நம் குழந்தைகள் ஊருக்குச் சென்றாலன்றித் திரிசங்குவை முழுமையாகப் பார்க்க இயலாது. ஆண்டுக்கொருமுறை ஊர் செல்வதற்கு இதுவும் ஒரு காரணமாகட்டும்.

வெள்ளியும் குருவும்

ஆண்டின் முதற்பெருங்காட்சி 2026 ஜூன் 9, செவ்வாய்க்கிழமை மாலை. கதிரவன் மறைந்து அரை மணி கழித்து மேற்கே பாருங்கள். மிகுந்த ஒளியோடு நிற்பது வெள்ளி. அதை நெருங்கி, அடுத்த ஒளியோடு நிற்பது குரு. இரண்டுக்கும் இடைவெளி ஏறத்தாழ 1½ பாகைதான். மூன்று முழுநிலவுகளை அடுக்கினால் அவ்விடைவெளி நிரம்பிவிடும். அருகே புனர்பூசத்தின் இரட்டை மீன்கள் துணை நிற்கும். அடிவானத்தை ஒட்டிப் புதனும் தென்படக்கூடும்.

திருக்கணிதப்படி குரு மிதுனத்தினின்று கடகத்துக்குப் பெயர்வது அம்மாதத் தொடக்கத்தில்தான். பெயர்ச்சியன்று கோயிலுக்குச் செல்லும் அன்பர்கள், திரும்பும் வழியில் மேற்கே ஒருமுறை பார்த்துவிட்டு வீடு சேர்வது பொருத்தமாயிருக்கும். வெள்ளியும் குருவும் அருகருகே தோன்றினும் உண்மையில் அண்டை வீட்டார் அல்லர். குரு, வெள்ளியைவிடப் பல கோடிக் கிலோமீட்டர் அப்பால் உள்ளது. நம் கண்ணின் நேர்கோட்டில் இரண்டும் வந்து நிற்கின்றன, அவ்வளவே. ஜூன் 9 அன்று மேகம் மறைத்தால் மனந்தளர வேண்டா; முன்பின் இரண்டு மூன்று மாலைகளிலும் நெருக்கம் புலப்படும். ஜூன் 16, 17 மாலைகளில் இளம்பிறையும் அங்கே வந்து சேரும்.

ஆடி அமாவாசை இரவு

தென்மேற்குப் பருவமழை வடக்கிலும் மேற்கிலும் வானத்தை மூடும் காலத்தில்தான் ஆகஸ்ட் மாதத்து விண்வீழ் கொள்ளி மழை வரும். 133 ஆண்டுகளுக்கு ஒருமுறை கதிரவனைச் சுற்றும் ஸ்விஃப்ட்-டட்டில் என்னும் வால்மீன் கடைசியாக 1992-இல் வந்து சென்றது. அது வழியெங்கும் விட்டுச்சென்ற தூசியினூடே ஆண்டுதோறும் நம் பூமி கடந்து செல்கிறது. அத்தூசி நொடிக்கு 59 கிலோமீட்டர் வேகத்தில் காற்று மண்டலத்தில் புகுந்து, தரைக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் மேலேயே எரிந்துபோகிறது. எரிநட்சத்திரம் என்று நாம் கூறுவது இதுவே. நட்சத்திரம் எதுவும் விழுவதில்லை.

2026-இல் இம்மழை உச்சமடையும் ஆகஸ்ட் 12, 13 இரவு, ஆடி அமாவாசை இரவாகவும் அமைகிறது. நிலவொளி சிறிதும் இல்லை. நள்ளிரவுக்குப் பின் வடகிழக்கை நோக்கிப் படுத்துக்கொள்ளுங்கள். மேகம் ஒரு மணி நேரம் விலகினாலும் பத்து இருபதாவது கண்ணிற்படும். கொள்ளிகள் புறப்படுவதாகத் தோன்றும் இடம் வடவானில் இருப்பதால், இக்காட்சியில் தில்லியார்க்கு நெல்லையாரைவிட நல்வாய்ப்பு அதிகம்.

அதே அமாவாசையில் நிகழும் முழுச் சூரிய கிரகணம் கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, ஸ்பெயின் நாடுகளுக்கு உரியது. ஆகஸ்ட் 28 அன்று நிகழும் பகுதிச் சந்திர கிரகணம் நமக்குப் பகலில் வருவது. இரண்டும் இந்தியாவில் தெரியா. ஆகவே அன்று எவரும் பட்டினி கிடக்கவோ, சமைத்த உணவைக் கொட்டவோ தேவையில்லை.

புரட்டாசிச் சனி

அக்டோபர் 4 அன்று சனி கதிரவனுக்கு நேர் எதிரே வருகிறது. அதன் முந்தின நாள் புரட்டாசிச் சனிக்கிழமை. மாலையில் கிழக்கே, மீன ராசியில், இமைக்காத மஞ்சள் ஒளியாய்ச் சனி எழும். இரவு முழுதும் வானில் இருந்து விடியலில் மேற்கே மறையும். விண்மீன் இமைக்கும், கோள் இமைக்காது என்பது நினைவில் வைக்கத்தக்க அடையாளம். சிறு தொலைநோக்கி கிடைத்தால் வளையத்தைக் காணலாம். 2025 மார்ச்சில் அவ்வளையம் விளிம்பு காட்டி நம் பார்வைக்கு மறைந்திருந்தது. இப்பொழுது சிறிது சிறிதாய் விரிந்து வருகிறது. கொல்கத்தா, மும்பை, தில்லி முதலிய நகரங்களின் கோளரங்கங்களில் சிறப்பு நாட்களில் தொலைநோக்கி வழியே காட்டுவதுண்டு. அருகிலுள்ளோர் முன்கூட்டி விசாரித்துக் குழந்தைகளை அழைத்துச் செல்லலாம். சனியை அஞ்சி வளர்ந்தவர்கள் அதன் வளையத்தை ஒருமுறை கண்டுவிட்டால், அச்சம் போய் வியப்பே மிஞ்சும்.

அதுவரை மாலை வானில் ஆட்சி செய்த வெள்ளி, அக்டோபர் 24 அளவில் கதிரவனைக் கடந்து மறுபுறம் செல்லும். நவம்பர் முதல் அது விடிவெள்ளி. நாம் இரவுப் பணி முடித்து நிலையத்தை விட்டு வெளிவரும்பொழுது கிழக்கே எதிர்ப்பட்டு வரவேற்பது அந்த வெள்ளிதான். மாலையில் கண்டதும் காலையில் காண்பதும் ஒன்றே என்பதை மனம் நம்பச் சிறிது காலம் பிடிக்கும்.

கார்த்திகையும் மார்கழியும்

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தமிழ்நாட்டு வானம் பல இரவுகள் மூடிக்கிடக்கும். அப்பொழுது நாகபுரியிலும் மத்திய இந்தியாவிலும் வானம் கழுவித் துடைத்தாற்போல் இருக்கும். ஊரை விட்டு வந்ததில் நமக்குக் கிட்டிய சில ஆதாயங்களுள் இதுவும் ஒன்று. ஊரில் உள்ளோர்க்குக் கிட்டாத கார்த்திகை வானம் நமக்குக் கிட்டுகிறது.

நவம்பர் நடுவில் பின்னிரவில் கிழக்கே குருவும் செவ்வாயும் மக நட்சத்திரத்தின் அருகே நெருங்கி நிற்கும். நவம்பர் 24 கார்த்திகைப் பௌர்ணமி. அன்று முழுநிலவு கார்த்திகை மீன்களை ஒட்டியே நிற்கும். ஆனால், விளக்கேற்றும் அவ்விரவில் நிலவொளி மிகுந்து, கார்த்திகையைக் காண்பது அரிது. ஒரு வாரம் கழித்து, நிலவு எழுமுன் பாருங்கள். ஆறு மீனும் தெரிகின்றனவா என்று எண்ணுவது கண்ணுக்கு நல்ல பரீட்சை. ஒளி நம்மை வந்தடைய ஏறத்தாழ 440 ஆண்டுகள் ஆகும் தொலைவில் அவை உள்ளன.

டிசம்பர் 13, 14 இரவுகள் தவறவிடக் கூடாதவை. ஆண்டின் மிகச்சிறந்த கொள்ளி மழை அப்பொழுதே. இளம்பிறை இரவு 10 மணியளவில் மறைந்துவிடும். கொள்ளிகள் புனர்பூசத்தின் அருகிலிருந்து புறப்படுவனபோல் தோன்றும். பின்னிரவு 2 மணியளவில் அவ்விடம் வட இந்தியாவில் ஏறத்தாழத் தலையுச்சிக்கு வந்துவிடும். இதற்குக் காரணமான பேத்தான் என்னும் சிறுகோள் 1983-இல் கண்டறியப்பட்டது. நகர வெளிச்சத்துக்கு அப்பால் சென்றால், மணிக்கு ஐம்பதுக்கு மேல் எண்ணுதலும் கூடும். கம்பளியும் வெந்நீர்க்குடுவையும் மறவாதிருத்தல் நலம்.

டிசம்பர் 23 இரவு முழுதும், 24 விடியலில் நிறைவுறும் மார்கழிப் பௌர்ணமி நிலவு வானில் இருக்கும். சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தொலைவில் உள்ள நிலவு, அன்று சுமார் 3,57,000 கிலோமீட்டர் அளவுக்கு நெருங்கி வருகிறது. அவ்வாண்டின் மிகப் பெரிய முழுநிலவு அதுவே. அது நிற்பது திருவாதிரையின் பக்கத்தில். சிவந்த அவ்விண்மீன் 2019-ஆம் ஆண்டின் இறுதியிலும் 2020-இன் தொடக்கத்திலும் திடீரென மங்கி உலகோரைத் திகைக்க வைத்தது. அது கக்கிய தூசி மேகமே அதன் முகத்தை மறைத்தது என்று ஆய்வாளர் பின்னர் தெளிந்தனர். களி உண்ணும் திருநாளில் இக்கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

அகத்தியரும் மாசி மகமும்

2027 பிப்ரவரி முதல் வாரத்தில் இரவு 9 மணிக்குத் தெற்கே பாருங்கள். வானத்திலேயே மிக ஒளிமிக்க விண்மீனாகிய சிரியஸ் உயரத்தில் மின்னும். அதற்கு நேர் கீழே, ஒளியில் இரண்டாவதாகிய அகத்தியர். கன்னியாகுமரியில் அகத்தியர் 29 பாகை உயர்வார்; சென்னையில் 24; மும்பையில் 18; நாகபுரியில் 16; கொல்கத்தாவில் 15. தில்லியிலோ ஒரு முட்டிகூட இல்லை, 9 பாகைதான். தெற்கே சென்றவர் என்று புராணம் கூறும் முனிவரை வடக்கிலிருந்து பார்க்கும் நமக்கு, அவர் நெடுந்தொலைவு சென்றுவிட்டது கண்கூடாகத் தெரிகிறது. தந்தையார் தென்னைக்கு மேலே கண்ட அதே ஒளியை, நாங்கள் சரக்கு யார்டின் விளக்குக் கம்பங்களுக்கு இடையே தேடிக் காண்கிறோம்.

ஆண்டின் மகுடம் 2027 பிப்ரவரி 20, சனிக்கிழமை இரவு. மாசிப் பௌர்ணமி நிலவு மக நட்சத்திரத்தை அடுத்து எழும். முந்தின நாள்தான் கதிரவனுக்கு நேர் எதிரே வந்த செவ்வாய், அதே மகத்தின் அருகே செந்தழலாய் நிற்கும். அதன் தொலைவு அப்பொழுது சுமார் 10 கோடிக் கிலோமீட்டர். பத்து நாள் முன்னரே எதிர்நிலைக்கு வந்த குரு, ஒரு முட்டி மேற்கே நிற்கும். நிலவு, செவ்வாய், மகம், குரு நான்கும் ஒரே பார்வையில் அடங்கும். விடியலுக்கு முன் 4.45 மணியளவில் நிலவின் முகத்தில் ஒரு பக்கம் சற்றே புகை படிந்தாற்போல் மங்கும். அது பூமியின் புறநிழல். மிக மென்மையான கிரகணம். மறுநாள் ஞாயிறு ஆகையால், கண்விழிக்க அஞ்ச வேண்டியதில்லை.

கும்பகோணத்து மகாமகமும் இக்கணக்கின் வழியே வருவதுதான். குரு கதிரவனை ஒரு சுற்று வர ஏறத்தாழ 12 ஆண்டுகள். குரு சிம்மத்தில் இருக்க, மாசி நிலவு மகத்தோடு சேரும் நாளே மகாமகம். 2016-இல் நிகழ்ந்தது, அடுத்தது 2028-இல். 2027-இன் மாசியில் குரு சிம்மத்தின் வாயிலில் நிற்பதை நம் கண்ணாலேயே காணலாம். 

ஒரு வேண்டுகோள்

2025 செப்டம்பர் 7 அன்று முழுச் சந்திர கிரகணம் நிகழ்ந்தது. இரவு 11 மணி முதல் 12.22 வரை நிலவு செம்புத் தட்டாய்ச் சிவந்திருந்தது. நாகபுரியில் மேகங்களினூடே நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கையில், ஊரிலிருந்து அன்னையார் தொலைபேசியில் அழைத்தார். “அங்கேயும் சிவந்துவிட்டதா, ஐயா?” என்றார். ஆம் என்றோம். பிறகு இரு பக்கத்தாரும் சிறிது நேரம் ஒன்றும் பேசாமல் நிலவையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஊருக்கும் நமக்கும் இடையே ஓர் இரவுப் பயணத்துக்கும் மேற்பட்ட தொலைவு உண்டு என்பது அந்நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

ஆகவே அன்பர்களே, இவ்வாண்டில் இரண்டு செய்யுங்கள். மேற்கூறிய நாட்களில் ஒன்றிரண்டிலேனும் குழந்தைகளை மாடிக்கு அழைத்துச் சென்று, ஊரிலுள்ள பெரியோரையும் அதே வேளையில் வாசலுக்கு வரச் சொல்லுங்கள். பார்த்துக்கொண்டே, அந்த மீனுக்கு அவர்கள் சிறு வயதில் என்ன பெயர் சொன்னார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அப்பெயர்கள் நூல்களில் கிடைப்பது அரிது. சொல்லுவோர் மறைந்தால் அவையும் மறையும். எழுதிய பெயர்களை நம் சங்கத்துக்கு அனுப்பினால், ஊர்ப்பெயரோடு சேர்த்துத் தொகுத்து வைக்கலாம். அவற்றுள் ஒன்று, தென்னந்தோப்புக்கு மேலே தெற்கில் தனித்து ஒளிரும் வெள்ளியின் பெயராகவும் இருத்தல் கூடும்.